பிரஷ், ஸ்ப்ரே கேன், ஏர்பிரஷ்: பழைய போர் விமான மாடலுக்கு சென்னையில் எதைக் கையில் எடுப்பது?

2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நசுங்கியவர்களில் என் அக்கா பையனும் ஒருவன். ரஃபேல் காதைக் கிழித்துக்கொண்டு போனது, சுகோய் செங்குத்தாக ஏறியது எதுவும் அவன் மனதில் நிற்கவில்லை. நின்றது டகோட்டா. மெதுவாக உறுமிக்கொண்டு கடலோரமாகப் போன அந்தக் கிழட்டு விமானம். கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்து, "மாமா, அந்த மாதிரி ஒண்ணு நானே செஞ்சு பெயின்ட் பண்ணணும், எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?" என்றான். கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள் வரும் பெட்டி) வாங்கவில்லை, பசை வாங்கவில்லை, எந்த அளவில் செய்யப் போகிறோம் என்றும் யோசிக்கவில்லை. ஏர்பிரஷ்தான், அதாவது காற்றழுத்தத்தில் வர்ணத்தை ஊதும் அந்தப் பேனா மாதிரிக் கருவிதான், முதல் கேள்வி.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாடல் செய்யும் வீடியோ எதைத் திறந்தாலும் உஸ் என்று ஒரு சத்தம் வரும், அழகான சாம்பல் நிறம் பிளாஸ்டிக் மேல் மூடுபனி மாதிரி படியும், பார்க்கிறவனுக்கு உடனே அது இல்லாமல் வேலையே நடக்காது என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டு வருடமாகத் திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீட்டில் கையால் பூசி, ஸ்ப்ரே கேன் அடித்து, ஏர்பிரஷ் ஊதி எல்லாவற்றிலும் கொஞ்சம் காசையும் நிறைய பிளாஸ்டிக்கையும் வீணடித்தவன் என்ற தகுதியில் அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த விமானம், எந்த அறை, எந்த மாதம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் கருவி தானாக முடிவாகிவிடும். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு விமானம் தேடினால் அது தாலியை வாங்கிவிட்டுப் பெண் பார்க்கிற கதை.

முதலில் விமானம்

பழைய போர் விமானம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி வர்ணம் இல்லை. பிரிட்டிஷ்காரர்களின் ஹரிக்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஓட்டியது ஹரிக்கேன்தான், அந்த வருடமே அவருக்கு டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கமும் கிடைத்தது. மேலே கரும்பச்சையும் மண் பழுப்பும், கீழே சாம்பல். அந்த இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு நிஜ விமானத்தில் ஒரு ஐந்து சென்டிமீட்டர் மங்கலாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்யும் மாடலில், அது 0.7 மில்லிமீட்டர். கண்ணுக்குக் கோடாகத்தான் தெரியும். அதாவது கையில் பிரஷ் பிடித்துக் கூர்மையாக ஓரம் கட்டினாலே பார்க்கச் சரியாக இருக்கும். அந்த 0.7 மில்லிமீட்டர் மங்கலுக்காக ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரும் வாங்குவதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதையே 1/24-இல் செய்தால் அந்த மங்கல் இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும், அப்போது கதை வேறு.

இன்னொரு பக்கம் ஜெர்மன்காரர்களின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. பக்கவாட்டில் புகை புகையாகத் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் அடித்திருப்பார்கள். அதைப் பிரஷ்ஷில் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷை வைத்துக் குத்திக் குத்தி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து. எனக்கு அது வரவில்லை. என் 109 அம்மை போட்டது மாதிரி இருக்கிறது, அதை அலமாரியில் மற்ற விமானங்களுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். இது ஏர்பிரஷ் விமானம், சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது வகை வெள்ளி. 1965 பாகிஸ்தான் போரில் நம் நாட் (Gnat) என்ற சண்டை விமானங்கள் பளபளவென்று உலோக நிறத்தில்தான் பறந்தன. நாட் ரொம்பச் சின்ன விமானம், இறக்கை நுனிக்கு நுனி 6.7 மீட்டர்தான், 1/72-இல் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உள்ளங்கையில் அடங்கிவிடும். அவ்வளவு சின்னது ஆயிற்றே, பிரஷ்ஷிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளி வர்ணத்தைப் பிரஷ்ஷால் பூசினால் ஒவ்வொரு இழுப்பும் தனித்தனிக் கோடாக நிற்கும், பழைய இரும்பு கேட்டுக்கு அலுமினியம் பெயின்ட் அடித்தது மாதிரி. வெள்ளிக்கு ஸ்ப்ரே கேன் அல்லது ஏர்பிரஷ்தான். (ஒரு எச்சரிக்கை. கடையில் நாட் என்று போட்டிருந்தாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஏர்ஃபிக்ஸின் நாட் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், பிரிட்டிஷ்காரர்களின் ரெட் ஏரோஸ் குழு ஓட்டியது. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் மேல் நம் விமானப்படையின் நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டியது ஒற்றை இருக்கை விமானம். வர்ணத்தை மாற்றினால் மட்டும் அது இதுவாகிவிடாது.)

நடுவில் சில சுலபமான விமானங்கள் உண்டு. ஜப்பானின் ஜீரோ, ஆரம்ப காலத்தில் உடம்பு முழுக்க ஒரே வெளிர் சாம்பல், மூக்கு மட்டும் கருப்பு. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடியதைப் பாட்டிமார் 'எவாக்குவேஷன் சமயம்' என்று சொல்வார்களே, அந்த நாட்களில் இலங்கையைத் தாக்கிய ஜப்பானியக் கப்பல்களில் நின்றவை இந்த ஜீரோக்கள்தான். அப்புறம் டிஃபயன்ட். இருட்டில் பறக்க உடம்பெல்லாம் பளபளப்பில்லாத மேட் கருப்பு அடித்த பிரிட்டிஷ் இரவுச் சண்டை விமானம். அதை ஓட்டிய 264-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் பெயரே 'மெட்ராஸ் பிரசிடென்சி'. போர் நிதிக்கு நம் மாகாணம் கொடுத்த பணத்துக்காக வந்த பெயர். 79, 234 ஸ்குவாட்ரன்களுக்கும் அதே பெயர் உண்டு, அதில் 79 ஹரிக்கேன் ஓட்டியது, பிறகு பர்மா எல்லைக்கே வந்தது. ஒரு சென்னைப் பையனுக்கு முதல் மாடலுக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா என்ன.

அப்புறம் அறை, மாதம், காற்று

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத விஷயம் இது. அவர்கள் ஊரில் அடித்தளத்தில் ஒரு அறை, குளிர்ந்த காய்ந்த காற்று. நமக்கு மே மாதம் ஃபேன் இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. ஃபேனைப் போட்டால் தண்ணீர் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து தோல் கட்டிவிடும், பிரஷ் நுனியில் கட்டி நிற்கும், இரண்டாவது இழுப்பிலேயே திப்பித் திப்பியாக உதிரும். ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை சொட்டி இறக்கை மேல் விழும். விழுந்திருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும், ஏ.சி. காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆனால் ஏ.சி. அறை பெரும்பாலும் படுக்கை அறை, அங்கே தின்னர் வாசனை வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஐப்பசி கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. பூசியது காயவே காயாது. தொட்டால் ரேகை பதியும். அதைவிட மோசம், லாக்கர் வகை வர்ணம் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். லாக்கரில் இருக்கிற கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து வர்ணத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு டிசம்பர் மழை விட்ட மாலையில், இன்றைக்கே முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் ஹரிக்கேனுக்கு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் கரும்பச்சை மேல் விபூதி பூசினது மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து வெயில் வந்த நாளில் அதன் மேல் பளபள வார்னிஷ் மெல்லிதாக அடித்ததும் பெரும்பாலும் மறைந்தது, முழுக்க இல்லை, வால் பக்கம் இன்னும் லேசாகப் பூத்தபடிதான் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் காலை நேரப் பனியில் நிற்கிற விமானம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு நாளுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். மதியம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் ஈரமும் கூடவே வரும், மொட்டை மாடியில் காற்றும் தூக்கும். ஸ்ப்ரே வேலை எதுவானாலும் தை, மாசி, பங்குனியில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். இதைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம், முகூர்த்தம் மாதிரி.

கையால் பூசுவது

இதைத்தான் நான் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள்.

கையால் பூச எல்லா வர்ணமும் ஒத்துழைக்காது. வலேஹோ மாதிரித் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரஷ்ஷுக்கு ஏற்றது. ஆனால் பிரைமர் (வர்ணம் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) இல்லாமல் நேரே பிளாஸ்டிக் மேல் பூசினால் பிடிமானம் இருக்காது, மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது வர்ணமும் சேர்ந்து உரிந்து வரும். டாமியாவின் அக்ரிலிக் நேர்மாறு. அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது, ஏர்பிரஷ்ஷில் அருமையாக ஓடும், கையால் இரண்டாவது தடவை பூசும்போது கீழே காய்ந்திருந்ததைக் கரைத்துக் கிளப்பிவிடும். அக்ரிலிக் என்று ஒரே பெயர் போட்டிருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கிவிட்டுப் பிரஷ் வேலையே சரிப்படாது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. ஹம்ப்ரோல் எனாமல் பிரஷ்ஷுக்கு நன்றாகச் சமனாகும், கோடு தெரியாது, ஆனால் ஒரு பூச்சு காய ஒரு நாள் விட வேண்டும், அந்த ஒரு நாளில் சென்னைத் தூசி அத்தனையும் அதன் மேல் வந்து உட்காரும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கைவினை அக்ரிலிக் விலை குறைவுதான், நிறத்துகள் கரகரவென்று இருக்கும், பானைக்கும் துணிக்கும் சரி, இவ்வளவு சின்ன இறக்கைக்குச் சரிவராது. விமானத்தை நிறுத்த மண் தரை செய்தால் அதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பதம் முக்கியம். பிரஷ்ஷுக்கு நீர்மோர் பதம். பாட்டிலில் இருந்து நேரே எடுத்துப் பூசக்கூடாது. கலக்குவதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், எங்கள் அடுக்குமாடியின் போர்வெல் தண்ணீரில் கலந்த கரும்பச்சை காய்ந்ததும் உப்புத் திட்டு விட்டிருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கினால் வருடக்கணக்கில் வரும், டெகால் (தண்ணீரில் ஊறவைத்து மாடல் மேல் ஒட்டும் சின்னங்கள்) ஊறவைக்கவும் அதுவேதான். தட்டுக்குக் காலியான மாத்திரை அட்டை. ஃபேன் காற்றில் காயாமல் இருக்க ஒரு பழைய டிபன் பாக்ஸில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்து மேலே பட்டர் பேப்பரை விரித்து அதன் மேல் வர்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள், மூடி வைத்தால் மறுநாளும் வேலைக்கு ஆகும்.

பிரஷ் மட்டும் நல்லதாக வாங்க வேண்டும். இறக்கைக்கு ஆறு மில்லிமீட்டர் அகலத் தட்டை பிரஷ், ஓரத்துக்கு இரண்டாம் நம்பர் வட்டம், செயற்கை இழை போதும். பழைய ஓவியக் கடைகளில் கீரிப்பிள்ளை முடி பிரஷ் என்று யாராவது பெருமையாக எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள். கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த பிரஷ்ஷை விற்பதே சட்டப்படி குற்றம்.

பூசுகிற முறை இதுதான். முதல் பூச்சு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு, ஒரே திசையில், ஒரு இடத்தைத் தொட்டால் திரும்பத் தொடாமல். பூசி முடித்ததும் அசிங்கமாக இருக்கும். சொறி பிடித்த மாதிரித் திட்டுத் திட்டாக, அடியில் பிரைமர் தெரியும். இங்கேதான் ஆள் ஆளுக்குப் பதற்றப்பட்டு இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காபி குடியுங்கள். அரை மணி, மழைக்காலமானால் இரண்டு மணி. அடுத்த பூச்சு குறுக்குத் திசையில். மூன்றாவதில் மூடிவிடும், மஞ்சளும் வெள்ளையும் மட்டும் ஐந்து ஆறு கேட்கும். நான்கு மெல்லிய பூச்சு சேர்ந்தாலும் இறக்கையின் தகட்டுக் கோடுகள் மூழ்காது, ஒரு கெட்டிப் பூச்சில் மூழ்கிவிடும்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, ஏர்பிரஷ்காரர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். விமானி அறைக் கண்ணாடியின் சட்டத்தைக் கையால் பூசுகிறவன் கொஞ்சம் நடுங்கினாலும் பல்குத்தும் குச்சியால் சுரண்டிவிட்டுப் போய்விடலாம். ஏர்பிரஷ்ஷில் ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்துக்கும் தனியாக டேப் வெட்டி ஒட்ட வேண்டும். 1971-இல் நம் மிக்-21களுக்குப் போருக்காக அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் அடித்தார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது, தொழிற்சாலை ஒழுங்கு எதுவும் கிடையாது. அந்த மாதிரி விமானத்தில் பிரஷ்ஷின் ஏற்ற இறக்கம் பிழையாகவே தெரியாது, உண்மைக்குப் பக்கத்தில் போய்விடும். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் கடைசி மிக்-21களுக்கும் விடை கொடுத்துவிட்டார்கள், ஆக அதுவும் இப்போது 'பழைய விமானம்' பட்டியலில்.

ஸ்ப்ரே கேன்

இரண்டு வேலைக்கு மட்டும். பிரைமர், வெள்ளி. டாமியாவின் ஏ.எஸ். வரிசை விமான நிறங்களுக்கென்றே வருவது, அதில் ஏ.எஸ்-12 என்ற உலோக வெள்ளி, நாட் மாதிரி விமானத்துக்கு அள்ளிக் கொடுத்த மாதிரி இருக்கும். மற்ற நிறங்களுக்குக் கேன் வீண். அடிக்கிறதில் பாதி காற்றில்தான் போகிறது, ஒரு நிறம் ஒரு கேன் என்று கணக்குப் போட்டால் நான்கு விமானத்தில் ஏர்பிரஷ் காசு வந்துவிடும். கேன் அழுத்தப்பட்ட, தீப்பிடிக்கிற சரக்கு என்பதால் விமானத்தில் அனுப்ப மாட்டார்கள், வெளியூர்க் கடையில் சொன்னால் லாரி வழியாக ஆடி அசைந்துதான் வரும்.

காசு மிச்சம் பிடிக்க ஜி.பி. ரோடு பக்கம் கார் உதிரிபாகக் கடையில் கார் பிரைமர் ஒன்று வாங்கி அடித்தேன் ஒரு முறை. காருக்கானது தகரத்துக்கு, நம்முடையது பிளாஸ்டிக். கரைப்பான் காட்டமாக இருந்து இறக்கையின் மேல்தோல் பாலாடை மாதிரி சுருங்கிவிட்டது. எந்தக் கேனானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். நான் அந்த இறக்கையிலேயே பரிசோதனை செய்தேன்.

மொட்டை மாடியில் அடிப்பதானால் துணிக்கொடியைப் பார்க்கவும். நாட் விமானத்துக்கு வெள்ளி அடித்த அன்று நாலு அடி தள்ளித்தானே நிற்கிறோம் என்று நினைத்தேன். காற்று திரும்பியது. கீழ் வீட்டுப் பெரியவரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. மாலையில் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "என்ன சார், ஜரிகை போட்டுக் கொடுத்திருக்கீங்களே" என்றார். நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார். வடகம் காயப்போட்டிருந்தால் நான் வீடு மாறியிருப்பேன்.

ஏர்பிரஷ்

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடம் இருக்கிறது, பெரிய விமானங்களுக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஏர்பிரஷ் என்பது பேனா மாதிரி ஒரு கருவி மட்டும் இல்லை. கம்ப்ரசர், குழாய், ஈரம் பிடிக்கும் வடிகட்டி, சுத்தம் செய்யும் திரவம், முகமூடி, புகையை வெளியே தள்ள ஒரு ஏற்பாடு, இத்தனையும் சேர்ந்ததுதான் ஏர்பிரஷ். இவை எல்லாம் சேர்ந்து ஆகிற காசில் ஐந்தாறு சின்ன கிட்டும் அதற்கான வர்ணமும் வாங்கிவிடலாம்.

காற்றைச் சேர்த்து வைக்க டாங்க் இல்லாத சின்னக் கம்ப்ரசர் விலை குறைவு. விட்டு விட்டு ஊதும், ஓடிக்கொண்டே இருக்கும், அரை மணியில் கொதிக்கும், இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். டாங்க் உள்ளது பரவாயில்லை, நிறைந்ததும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கம்ப்ரசர் இப்போது நிறைய வருகிறது, பிரைமர் அடிக்கப் போதும், மெல்லிய கோடு இழுக்க அழுத்தம் நிலையாக இருக்காது. வர்ணம் வெளியே வரும் நாசில் துளை 0.3 மில்லிமீட்டர் போதும், 0.2 வாங்கினால் அடைப்பு எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வர்ணம் பால் பதம், அழுத்தம் 15-இலிருந்து 20 பி.எஸ்.ஐ.

சென்னையில் அந்த ஈர வடிகட்டி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும், குழாயில் வரும்போது ஆறும், ஆறும்போது அதில் இருந்த ஈரம் துளித்துளியாகச் சேரும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று டுப் என்று ஒரு துளி தண்ணீர் இறக்கை நடுவில் வந்து விழும். ஆவணியில் அரை மணிக்கு ஒரு தடவை வடிகட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது.

முகமூடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொரோனா காலத்து என்-95 வர்ணத் துகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிப்பதானால் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் முகமூடிதான் வேண்டும். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு வாங்கி அட்டைப்பெட்டியில் பொருத்தி ஜன்னல் பக்கம் ஒரு கூண்டு செய்து வைத்திருக்கிறேன், அது தண்ணீர் அக்ரிலிக்குக்கு மட்டும். லாக்கர் ஆவியும் மின்சாரப் பொறியும் ஒரே பெட்டிக்குள் இருப்பது விளையாட்டு இல்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு ஹரிக்கேனுக்கு டேப் ஒட்ட இரண்டு மணி நேரம். ஊதுவது பத்து நிமிடம். கழட்டி, கழுவி, ஊசியைத் துடைத்து மாட்ட அரை மணி. வீடியோவில் நீங்கள் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தை. அலுவலகம் முடிந்து வந்து முக்கால் மணி நேரம் உட்காருகிறவனுக்குப் பிரஷ்தான் கட்டுப்படியாகும், நனைத்துக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

எப்போது ஏர்பிரஷ் நியாயம்? பெரிய பரப்பு. டகோட்டாவின் இறக்கை நிஜத்தில் 29 மீட்டர், 1/72-இல் 40 சென்டிமீட்டர். போரின்போது செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறின கேட்டலினா கடல் விமானம் 44 சென்டிமீட்டர். (ஆமாம், நம் செங்குன்றம் ஏரிதான், பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக இருந்தது, இப்போது குடிதண்ணீருக்கு மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.) இவ்வளவு பெரிய பரப்பில் பிரஷ்ஷைக் கோடு தெரியாமல் இழுக்கப் பழகிய கை வேண்டும். அப்புறம் 109 மாதிரிப் புகைத் திட்டு, வெள்ளி மேல் வெவ்வேறு தகட்டுக்கு வெவ்வேறு பளபளப்பு, அல்லது மாதம் இரண்டு மாடல் முடிக்கிற வேகம். இதில் ஒன்றாவது இருந்தால் வாங்குங்கள்.

பையனுக்கு என்ன சொன்னேன்

அவன் தாம்பரம் பக்கம் ஒரு ரூமில் மூன்று பேரோடு இருக்கிறான். ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்து. ஏ.சி. கிடையாது. கையில் இருப்பது முதல் இரண்டு மாதச் சம்பளம். கம்ப்ரசர் என்ற பேச்சே அங்கே எடுபடாது, லாக்கர் நினைக்கவே கூடாது, கேன் அடிக்க வீட்டுக்காரரின் மொட்டை மாடிச் சாவியைக் கெஞ்சி வாங்க வேண்டும். டகோட்டாவை முதலில் எடுத்தால் பாதியில் பெட்டிக்குள் போய்விடும் என்று தெரிந்தது.

அதனால் ஆர்மா ஹாபியின் 1/72 ஹரிக்கேன். போலந்துக்காரர்கள் செய்வது, நன்றாகப் பொருந்தும், இடைவெளி அடைக்கப் புட்டி அதிகம் வேண்டாம். பிரஷ் இரண்டு, வலேஹோ நான்கு பாட்டில், பிரஷ்ஷாலேயே பூசக்கூடிய பிரைமர் ஒன்று. தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் பறந்த விமானங்களுக்கு வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது, ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம் ஆளே சுட்டுவிடக்கூடாதென்று நீலமும் வெளிர்நீலமும் மட்டும்தான். அதற்கு டெகால் தனியாகத் தேட வேண்டியிருந்தது, அதில் மட்டும் மூன்று வாரம் போனது.

முதல் பூச்சு முடித்த இரவு போட்டோ அனுப்பினான். "மாமா, கெட்டுப்போச்சு." சொறி பிடித்த ஹரிக்கேன், நான் எதிர்பார்த்த அதே மாதிரி. எதையும் தொடாதே, படுத்துத் தூங்கு, காலையில் குறுக்கே பூசு என்றேன். நான்காவது பூச்சுக்கு அப்புறம் வந்த போட்டோவில் இடது இறக்கையின் ஓரத்தில் ஒரு முடி ஒட்டிக் காய்ந்திருக்கிறது, மற்றபடி என் முதல் ஐந்து மாடலில் எதுவும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை.

டகோட்டா கிட்டையும் வாங்கிவிட்டானாம், பொங்கலுக்கு எடுத்துக்கொண்டு வருகிறான். கம்ப்ரசரும் மாடியும் இங்கே இருக்கின்றன. கீழ் வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். வரும் வழியில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வரச் சொன்னேன், என்னுடையது தீர்ந்துவிட்டது.